வாலிபால் ஆடுபவர்களின் தோள்வலி: முதுகையும் கவனியுங்கள்

ஸ்பைக் (எகிறிப் பந்தை ஓங்கி அடிப்பது) அடிக்கும்போது தோள் வலிக்கிறதா? வலிக்கிற இடத்தில் மருந்து தேய்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். நிற்கும் விதத்தையும் பாருங்கள். ஓயாமல் ஸ்பைக்கும் சர்வீஸும் அடிப்பவர்களுக்கு மார்புத் தசை இறுகி, அடிக்கும் கைப்பக்கத் தோள்பட்டை எலும்பு முன்னால் சாய்ந்துவிடலாம். கூன் போட்டு உட்காரும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் கையை உயர்த்தும்போது தோளுக்குள் இருக்கும் தசைநாண் நசுங்கி வலிக்கலாம்.

இதற்கு, கதவின் நிலைச்சட்டத்தில் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து, மார்பு விரியும்வரை மெல்லச் சாயுங்கள். 30 விநாடி, மூன்று முறை. அப்புறம் உடற்பயிற்சி ரப்பர் பேண்டை எதிரே கட்டி, முழங்கைகளைப் பின்னால் இழுங்கள். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நெருங்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. சட்டையைக் கழற்றி, முதுகை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கும் கைப்பக்கத் தோள்பட்டையில் சதை வற்றிப் பள்ளம் தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். அங்கே செல்லும் நரம்பு பாதிக்கப்படுவது வாலிபால் வீரர்களிடம் நன்கு அறியப்பட்ட பிரச்சினை. தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.