சுற்றுச்சூழல் மாற்றத்தைத் துணைப்படிப்பாக எடுப்பது எப்படி?

சுற்றுச்சூழல் மாற்றத்தை மைனர் எனப்படும் துணைப்படிப்பாக எடுக்க விரும்பும் மாணவர்கள் பலர், பாடப்பட்டியலைத் திறந்து, நேர அட்டவணைக்கு ஒத்துவரும் நான்கைந்து பாடங்களில் பதிவு செய்துவிடுகிறார்கள். சான்றிதழுக்கு அது போதும். ஆனால் வேதியியல் வகுப்பில் படித்தது சட்ட வகுப்பில் எதற்கும் உதவாமல் தனியே நின்றுவிடும். ஆகவே பாடங்களுக்கு முன்பாக ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"காலநிலை ஏன் மாறுகிறது?" என்பது மிகப் பரந்த கேள்வி. "கடல்மட்டம் உயர்வதால் கழிமுகப் பகுதியின் நிலத்தடி நீர் உப்பாவதை எப்படித் தடுக்கலாம், அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும்?" என்பது நல்ல கேள்வி, நீரியல், பொறியியல், பொருளியல், சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். ஒரே துறை விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியானால், அதை முதன்மைப் பாடத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

படி 2: கேள்வியைத் துறைகளாகப் பிரியுங்கள்

இதற்கு ஓசோன் படலத்தின் வரலாற்றைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பது என் கருத்து. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் ஒன்றான அடுக்குமண்டலத்தில் சிதைந்து வெளியிடும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள், அது வேதியியல். அண்டார்க்டிகாவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுக்கப்பட்ட அளவீடுகள் ஓசோன் துளையை 1985இல் உலகுக்குக் காட்டின, அது களஆய்வு. 1987இல், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் நெறிமுறை உருவானது. அது பன்னாட்டுச் சட்டம். மாற்றுப் பொருள்களுக்கு மாறும் செலவை வளரும் நாடுகள் மட்டும் சுமக்காமலிருக்க 1990இல் லண்டனில் ஒரு பலதரப்பு நிதியம் ஏற்கப்பட்டது; அது பொருளியலும் நீதியும் சந்திக்கும் இடம். உங்கள் கேள்வியையும் இவ்வாறே பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே உரிய துறையின் பெயரை எழுதுங்கள்.

படி 3: பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்

இயற்கை அறிவியலில் ஒன்று, சமூக அறிவியல் அல்லது மானுடவியலில் ஒன்று, ஆய்வுமுறையில் ஒன்று என மூன்றையும் முதலில் உறுதி செய்யுங்கள். ஆய்வுமுறை என்று நான் சொல்வது புள்ளியியல் அல்லது, இடம்சார்ந்த தரவுகளை வரைபடத்தில் வைத்து ஆராயும் புவியியல் தகவல் அமைப்பு. மாணவர்கள் அதிகம் தவிர்ப்பது இதைத்தான். அதிகம் தேவைப்படுவதும் இதுதான். ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடங்கிய வளிமண்டல அளவீட்டில், கார்பன் டை ஆக்சைடு அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆயினும் வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் உறிஞ்சுவதால், ஒவ்வோர் ஆண்டும் சில மாதங்கள் அந்த அளவு குறைகிறது. பருவ ஏற்றஇறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்தறியத் தெரியாதவர், அந்தச் சில மாதங்களை மட்டும் பார்த்துத் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

படி 4: விதிகளைச் சரிபாருங்கள்

முன்தேவைப் பாடங்கள் எவை, முதன்மைப் பாடத்துக்கும் துணைப்படிப்புக்கும் பொதுவாக எத்தனை கிரெடிட்களைக் கணக்கிடலாம் என்ற இரண்டையும் ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

படி 5: ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள்

எல்லா வகுப்புகளுக்கும் ஒரே குறிப்பேடு போதும். அதன் கடைசிப் பக்கங்களில், துறைக்குத் துறை பொருள் மாறும் சொற்களைச் சேர்த்துவாருங்கள். இயற்பியல் வகுப்பில் "நிச்சயமின்மை" என்பது கணக்கிடப்பட்ட ஒரு வரம்பு. பொதுவிவாதத்தில் அதே சொல் "எதுவும் தெரியாது" என்று புரிந்துகொள்ளப்படுகிறது. இத்தகைய இடங்களில்தான் நல்ல இறுதித் திட்டக்கட்டுரைகள் பிறக்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் முதல் படியில் எழுதிய கேள்வியை எடுத்து, புதிதாகக் கற்றதைக் கொண்டு திருத்தி எழுதி, பழைய வடிவத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். வழிகாட்டும் ஆசிரியரை முதன்முறை சந்திக்கும்போது அந்த வடிவங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.