பழைய வேட்டியில பேபி வைப்ஸ்: வெட்டுறதுல இருந்து துவைக்கிற வரைக்கும்

கடையில வாங்குற பேபி வைப்ஸ் பாக்கெட்டோட பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்குறத ஒரு தடவை படிச்சு பாருங்க. பெரும்பகுதி வெறும் தண்ணிதான். அந்த தண்ணி மாசக்கணக்குல பாக்கெட்டுக்குள்ள ஈரமாவே இருந்தும் கெட்டுப்போகக் கூடாதுன்னா அதுக்குன்னு ஏதாவது ஒரு கெமிக்கல் சேர்த்தே ஆகணும். அப்படி சேர்த்துட்டு இருந்ததுல மெத்தில்ஐசோதயசோலினோன்னு ஒன்னு, நிறைய பேருக்கு தோல்ல அலர்ஜிய கிளப்பி விட்டுச்சு. அமெரிக்காவுல இருக்குற தோல் அலர்ஜி டாக்டர்கள் சங்கம் 2013ல அதைத்தான் அந்த வருஷத்தோட அலர்ஜி பொருளா அறிவிச்சாங்க, ஐரோப்பாவுல பூசிட்டு கழுவாம அப்படியே விடுற பொருள் எதுலயும் அதை போடக்கூடாதுன்னு 2017ல தடையும் வந்துச்சு. இப்ப கடையில இருக்குற எல்லா வைப்ஸும் மோசம்னு நான் சொல்ல வரல. ஆனா வீட்டுக்குள்ள இருக்குறப்போ குழந்தைய துடைக்க நல்ல பருத்தி துணியும் வெதுவெதுப்பான தண்ணியும் போதும், இதை நான் ரொம்ப உறுதியா நம்புறேன்.

இங்க ஒன்னு முக்கியம். ஆன்லைன்ல நிறைய பேர் ஒரு டப்பாவுல தண்ணி, கொஞ்சம் பேபி வாஷ், எண்ணெய் எல்லாம் கலந்து துணிய அதுல ஊற வெச்சு வாரம் முழுக்க எடுத்து எடுத்து யூஸ் பண்ண சொல்றாங்க. தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. கம்பெனிக்காரன் தண்ணி கெடாம இருக்க கெமிக்கல் போடுறான், நம்ம டப்பாவுல அது இல்ல, அப்போ நம்ம ஊர் வெயிலுக்கு அந்த டப்பாவுக்குள்ள கிருமியும் பூஞ்சையும் வளரத்தானே செய்யும்? அதனால நம்ம வைப்ஸ் காய்ஞ்ச துணியாவே இருக்கும், துடைக்கிற நேரத்துக்கு மட்டும் நனைச்சுக்கணும்.

சரி, முதல்ல துணி. என்னை கேட்டா பழைய பருத்தி வேட்டிய அடிச்சுக்க ஒன்னும் இல்ல, பல வருஷம் துவைச்சு துவைச்சு கஞ்சியெல்லாம் போய் பூ மாதிரி ஆயிருக்கும், தண்ணியும் நல்லா உறிஞ்சும். பழைய காட்டன் புடவை, மல் துணி, ஃபிளானல் துணி கூட ஓகே. பாலியஸ்டர் கலந்தது வேணாம், அது தண்ணிய உறிஞ்சாது, வழுக்கிட்டு அழுக்க தேய்ச்சு விடும். பழைய காட்டன் பனியன் இருந்தா இன்னும் ஈஸி, ஓரம் நூல் பிரியாது, வெட்டி அப்படியே யூஸ் பண்ணலாம், தையலே வேணாம்.

வேட்டி எடுக்குறப்போ ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. பீரோவுல அந்துருண்டை போட்டு வெச்சிருந்த துணியா இருந்தா பச்சக்குழந்தைக்கு அது வேணவே வேணாம். அந்துருண்டையில நாப்தலீன் இருக்கும், ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுக்களை காக்குற ஒரு என்சைம் பிறவியிலேயே கம்மியா இருக்குறது) இருக்குற குழந்தைங்களுக்கு அந்த வாடை பட்டாலே ரத்த சிவப்பணுக்கள் உடைஞ்சு மஞ்சள் காமாலை அதிகமாகிடலாம். நம்ம குழந்தைக்கு அந்த குறைபாடு இருக்கா இல்லையான்னு டெஸ்ட் எடுக்காம தெரியாது. அதனால வாசனை வர்ற துணிய ஒதுக்கிடுங்க, செஞ்சு முடிச்ச வைப்ஸையும் அந்துருண்டை இருக்குற பீரோவுல வைக்காதீங்க. வீட்ல பெரியவங்க பழக்கத்துல ஒன்ன தூக்கி உள்ள போட்டுடுவாங்க, முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

வெட்டுறதுக்கு முன்னாடி துணிய சுடு தண்ணியில துவைச்சு காய வெச்சுடுங்க. புதுத்துணின்னா ரெண்டு மூணு தடவை துவைக்கணும், கஞ்சியும் போகும், சுருங்குறது எல்லாம் இப்பவே சுருங்கிடும். அப்புறம் ஜரிகை கரைய ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துடுங்க, அது குழந்தை தோல்ல உரசக்கூடாது. ஒரு அட்டையில 22 செ.மீ. சதுரம் வெட்டி வெச்சுக்கிட்டா அதையே அளவா வெச்சு பென்சில்ல கோடு போட்டு வெட்டிட்டே போகலாம். நாலு முழ வேட்டி தோராயமா 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம் இருக்கும், அதுல 40 சதுரம் கிடைக்கும், நைஞ்சு போன இடத்த விட்டுட்டா கொஞ்சம் குறையும்.

தையலுக்கு ரெண்டு சதுரத்த ஒன்னு மேல ஒன்னு வெச்சு, உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி, ஓரத்துல இருந்து 1 செ.மீ. விட்டு சுத்தி அடிங்க. ஒரு பக்கத்துல மட்டும் ரெண்டு விரல் போற அளவுக்கு தைக்காம விடணும். நாலு மூலையிலயும் எக்ஸ்ட்ரா துணிய லேசா கிள்ளி வெட்டிட்டு அந்த ஓட்டை வழியா துணிய வெளிய திருப்பி எடுத்தா தையல் எல்லாம் உள்ள போயிடும். ஓட்டைய மடிச்சு வெச்சு சுத்தி இன்னொரு தையல் போட்டா முடிஞ்சுது, 20 செ.மீ. அளவுல ரெண்டு அடுக்கு வைப் ரெடி. மெஷின் இல்லையா, கையால ஓட்டுத்தையல் போதும், இல்லன்னா டெய்லர்கிட்ட குடுத்து ஓரத்துக்கு ஓவர்லாக் அடிச்சு வாங்கிக்கோங்க. நூல் மட்டும் காட்டன் நூலா இருக்கட்டும். நூல் பிரிஞ்சு தொங்குனா உடனே வெட்டிடுங்க, பிஞ்சு விரல்ல சுத்திக்கிச்சுன்னா ரத்த ஓட்டமே நின்னுடும்.

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை துணி மாத்த வேண்டி வரும். அதனால தினமும் துவைக்கிறவங்களுக்கு 20 போதும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவைன்னா 40 வேணும், ஒரு வைப்புக்கு ரெண்டு சதுரம்ங்கிறதால அதுக்கு ரெண்டு வேட்டி.

இனி யூஸ் பண்றது. குழந்தைக்கு துணி மாத்துற இடத்துலயே காய்ஞ்ச வைப்ஸ மடிச்சு ஒரு டப்பாவுல வெச்சுக்கோங்க, பக்கத்துல ஒரு சின்ன ஃபிளாஸ்க்ல வெதுவெதுப்பான தண்ணி. போர் தண்ணி உப்பா இருக்குற ஏரியான்னா குடிக்கிற தண்ணியவே காய்ச்சி ஊத்திக்கலாம். மணிக்கட்டுல ஊத்தி சூடு பார்த்துட்டு, துணிய நனைச்சு லேசா பிழிஞ்சு துடைங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. பெண் குழந்தைன்னா எப்பவுமே முன்னாடி இருந்து பின்னாடிதான் துடைக்கணும், இல்லன்னா மலத்துல இருக்குற கிருமி சிறுநீர் வழிக்கு போயிடும். துடைச்சதும் இன்னொரு காய்ஞ்ச வைப்பால தொடை மடிப்புல எல்லாம் ஈரத்த ஒத்தி எடுத்துட்டு அப்புறம் டயாபர் போடுங்க. முதல் ரெண்டு நாள் கறுப்பா பிசின் மாதிரி போகுமே, அதுக்கு முதல்ல துணியில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு துடைச்சா ஈஸியா வந்துடும்.

தண்ணியில வேற எதுவுமே கலக்க வேணாம். டெட்டால் வேணாம். சமையல் சோடா தோலோட இயல்பான அமிலத்தன்மைய கெடுத்துடும். யூகலிப்டஸ், டீ ட்ரீ மாதிரி வாசனை எண்ணெய், கற்பூரம் எதுவும் கைக்குழந்தை பக்கத்துலயே வரக்கூடாது, கற்பூரம் வயித்துக்குள்ள போனா வலிப்பு வர்ற அளவுக்கு ஆபத்து. மணமா இருக்கணும்ங்கிற ஆசை நமக்குத்தான், குழந்தைக்கு அது தேவையில்ல.

துவைக்கிறதுதான் எல்லாரும் பயப்படுற பகுதி, உண்மையில பெரிய வேலையே இல்ல. மூடி போட்ட பக்கெட் ஒன்ன தனியா வெச்சுக்கோங்க. மலம் பட்ட துணிய உடனே பச்சத்தண்ணியில அலசிட்டு அதுல போடணும், எடுத்தவுடனே சுடு தண்ணி ஊத்துனா கறை துணியிலயே பிடிச்சுக்கும். அப்புறம் வாசனை இல்லாத சோப்பு போட்டு 60 டிகிரி சூட்டுல மெஷின்ல போடுங்க, கையால துவைக்கிறவங்க துவைச்சு முடிச்சு பத்து நிமிஷம் கொதிக்க வைங்க. நுரை சுத்தமா போற வரைக்கும் அலசணும், சோப்பு தங்குனாலே தோல் செவக்கும். துணிக்கு கண்டிஷனர் போடாதீங்க, அது நூல் மேல படிஞ்சு உறிஞ்சுற தன்மைய கெடுக்கும். நல்ல வெயில்ல காய போட்டா மஞ்சள் கறையும் வெளுத்துடும். உப்புத்தண்ணியில துவைச்சு துணி வெறைப்பா ஆனா கையால கசக்கி விட்டா மறுபடி மெத்துன்னு ஆகிடும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில என்ன செய்யறது? ஃபேனுக்கு கீழ காய வெச்சு, முக்கால்வாசி காய்ஞ்சதும் ரெண்டு பக்கமும் இஸ்திரி போட்டு முழுசா ஈரம் போக வைங்க. பொத பொதன்னு இருக்குற துணிய மடிச்சு வெச்சா மக்கு வாடை வந்துடும், அது வந்த துணிய மறுபடி கொதிக்க வெச்சுட்டுத்தான் தொடணும்.

வெளிய போறப்போ அஞ்சாறு காய்ஞ்ச வைப்ஸ், சின்ன பாட்டில்ல தண்ணி, அழுக்கு துணி போட ஒரு ஜிப் பை. நீண்ட ட்ரெயின் பயணம்னா வாசனை இல்லாத கடை வைப்ஸ் ஒரு பாக்கெட் எடுத்துட்டு போங்க, அதுல குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்ல.

இவ்வளவு பார்த்தும் தொடை மடிப்புல அடர் சிவப்பா, சுத்தி சின்ன சின்ன புள்ளியா இருந்து ரெண்டு மூணு நாள்ல குறையலன்னா அது பூஞ்சை தொற்றா இருக்கலாம். அதுக்கு தனி மருந்து வேணும், துணிய மாத்தி பார்த்துட்டு இருக்காம குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.