டெல்டா மண்ணை மதிப்பிடும்போது நேரும் பிழைகள்

காவிரி டெல்டா என்றதும் 'வண்டல் மண், நெல்லுக்கு ஏற்றது' என்று எழுதி முடித்துவிடுவதே முதல் பிழை. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்தில் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் மிகுதி; 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் புதாற்று (கல்லணைக் கால்வாய்)ப் பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் செம்மண் பரவலாக உண்டு; வேதாரண்யத்திலோ கடற்கரை மணல். அடங்கலில் (கிராம நிலப் பயிர்ப் பதிவேட்டில்) 'நன்செய்' என்றிருப்பது தீர்வைக்கான வகைப்பாடே தவிர, மண்ணின் தகுதிச் சான்று அன்று.

வாய்க்கால் ஓரத்திலும் எருக்குவியல் கிடந்த இடத்திலும் மண் எடுப்பது பழைய தவறு. ஆழத்தைப் பொருட்படுத்தாதது அதைவிடப் பெரியது. நெல்லுக்கு 15 செ.மீ. ஆழத்து மாதிரி போதும். அதையே தென்னைக்கும் காட்டினால், வேர் ஓட வேண்டிய ஆழத்தில் களிமண் படிவம் இருப்பது தெரியாமலே கன்று நடப்படும்.

மிகுதியாகக் குழப்பம் விளைவது உவரிலும் களரிலும்தான். வெள்ளையாகப் பூத்ததையெல்லாம் 'உப்பு' என்று சொல்லி ஜிப்சம் இடுகிறார்கள். உவர் மண்ணில் சிக்கல் கரையும் உப்புகளே. நல்ல நீரைத் தேக்கிக் கரைத்து வடித்தால் அவை வெளியேறும், ஜிப்சத்துக்கு அங்கே வேலையில்லை. களர் மண்ணில் களித்துகள்களோடு ஒட்டிய சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் கெடுத்து நீர் இறங்காமல் செய்கிறது. கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டியிருக்கும், அங்கே ஜிப்சமும் வடிகாலும் சேர்ந்தே தேவை. எனவே கரைந்த உப்பின் அளவை மட்டுமே காட்டும் மின்கடத்தும் திறனை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது. மாதிரி எடுத்த மாதமும் முக்கியம்: வடகிழக்குப் பருவமழையில் கழுவப்பட்ட உப்பு, கோடையில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது மீண்டும் மேற்பரப்பில் சேர்கிறது. மழைக்காலத்தில் எடுத்த ஒற்றை மாதிரியை நம்பிக் கடலோர நிலத்தை நல்ல நிலம் என்று குறிப்பது எளிது, திருத்துவதுதான் கடினம்.

இறுதியாக, பருவத்தையும் பயிரையும் விட்டு நிலத்தை மட்டும் தரம்பிரிப்பது. வடியாத களிமண்ணை மிளகாய்க்கு ஆகாதென்று ஒதுக்குவது சரிதான். ஆனால் அதே மண் பிடித்துவைத்த ஈரத்தில்தான், சம்பா, தாளடி நெல் அறுவடைக்குச் சில நாள் முன் தெளித்த உளுந்து தை, மாசியில் வளர்ந்து காய்க்கிறது.