முகூர்த்தக் காட்சியை வட்டுக்குள் அடக்குதல்: எச்.டி. வீடியோவுக்கான கணக்கும் செய்முறையும்

எச்.டி. தரத்தில் எடுத்த குடும்ப வீடியோவை வட்டில் எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளைத் தேடுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவன்று. பதிவு எத்தனை நிமிடம், வாங்கப்போவது எந்த வட்டு, அது யார் வீட்டு எந்தப் பிளேயரில் ஓட வேண்டும் ஆகிய மூன்றும் முடிவாகிவிட்டால், மென்பொருளில் எந்த இடத்தில் என்ன எண்ணைத் தர வேண்டும் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும். கேம்கார்டரில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு வழியைச் சொல்கிறேன். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் கொள்ளளவு. அட்டைப்பெட்டியில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும் டிவிடியைக் கணினியில் போட்டால் விண்டோஸ் அதை 4.37 என்றே காட்டும். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் எண்ணுவதே காரணம். வட்டில் எதுவும் குறையவில்லை. அதேபோல் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி 7.95 என்றும், 25 ஜிபி ப்ளூ-ரே வட்டு 23.3 என்றும் தெரியும். கோப்பின் அளவையும் வட்டின் அளவையும் ஒப்பிடும்போது இரண்டையும் விண்டோஸ் காட்டும் எண்ணிலேயே ஒப்பிட வேண்டும். ஒன்றைப் பெட்டியிலிருந்தும் மற்றொன்றைத் திரையிலிருந்தும் எடுத்தால், கடைசி முந்நூறு எம்பிக்கு இடமில்லை என்று எழுதும் நேரத்தில்தான் தெரியவரும்.

அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை மெகாபிட் செலவாகிறது என்பது. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேம்கார்டர்கள் பல உண்டு. அவற்றில் 17 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7.65 ஜிபியும், 24 மெகாபிட்டில் எடுத்தால் 10.8 ஜிபியும் ஆகும். இதை வட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒற்றை அடுக்கு டிவிடியில் 17 மெகாபிட் படம் 36 நிமிடத்துக்கு மேல் நிற்காது. 25 ஜிபி ப்ளூ-ரே வட்டிலோ அதே படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும்.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வட்டுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்குவதைவிடப் படத்துக்கு ஏற்ற வட்டை வாங்குவதே நல்லது. மறுபடி என்கோட் செய்யும், அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்கிக் கோப்பாக்கும், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ப்ளூ-ரே ரைட்டர் இருந்து, பார்ப்பவர் வீட்டில் ப்ளூ-ரே பிளேயரும் இருந்தால், கேமரா தந்த கோப்பைத் தொடாமல் அப்படியே 25 ஜிபி வட்டில் எழுதிவிடலாம். ரைட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு நல்ல வழி இருக்கிறது. சாதாரண டிவிடியிலேயே ப்ளூ-ரேயை ஒத்த கோப்பு அமைப்பை எழுதினால், ஏவிசிஎச்டி முத்திரையுள்ள ப்ளூ-ரே பிளேயர்களும் பிளேஸ்டேஷன் 3உம் அதை முழு எச்.டி. தரத்தில் காட்டும். பழைய டிவிடி பிளேயர் மட்டும் அதை ஏற்காது. இம்முறையில் ஒரு வரம்பும் உண்டு: டிவிடியில் எழுதும் ஏவிசிஎச்டி படத்தின் மொத்த பிட்ரேட் 18 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே 17 மெகாபிட்டில் எடுத்தது அப்படியே போகும். 24 மெகாபிட்டில் எடுத்ததற்கு ப்ளூ-ரே வட்டு வேண்டும், இல்லையேல் என்கோட் செய்தாக வேண்டும்.

இனிக் கத்தரிப்பு. கேமராவிலிருந்து நகலெடுக்கும்போது படம் உள்ள எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்காமல் கார்டிலுள்ள கோப்புறை முழுவதையும் எடுக்க வேண்டும். கார்டின் ஃபேட்32 என்ற கோப்பு முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அனுமதிக்காததால், நிறுத்தாமல் எடுத்த நீண்ட காட்சியைக் கேமரா தானாகவே துண்டுகளாக்கி வைத்திருக்கும். அவற்றைத் தனித்தனிக் காட்சிகளாக ஒட்டினால் இணைப்பில் நாதஸ்வரம் ஒரு கணம் அறுந்து ஒலிக்கும். டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருளில் முதல் துண்டைச் சேர்த்துவிட்டு, அடுத்ததைச் சாதாரணமாகச் சேர்க்காமல் 'ஜாயின்' பொத்தானின் வழியாகச் சேர்த்தால் இந்தக் குறை வராது. பந்தியை முழு வரிசையாக எடுத்தது, கேமராவை அணைக்க மறந்து தரையைப் படம்பிடித்தது, மேடையில் பரிசளிக்க நின்ற கூட்டத்தின் முதுகு ஆகியவை போனாலே 95 நிமிடப் படம் 60 நிமிடமாகிவிடும். 17 மெகாபிட்டில் 60 நிமிடம் என்பது விண்டோஸ் கணக்கில் 7.1 ஜிபி; இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றில் என்கோட் செய்யாமலே அடங்கும்.

அப்படியும் அடங்காதபோதுதான் என்கோட் செய்ய வேண்டும். கணக்கு எளிது. வட்டின் மெகாபிட் கொள்ளளவை நொடிகளால் வகுக்க வேண்டும்: ஒற்றை அடுக்கு டிவிடிக்கு 37,600, இரட்டை அடுக்குக்கு 68,000, 25 ஜிபி ப்ளூ-ரேக்கு 2,00,000. 80 நிமிடப் படத்தை ஒற்றை டிவிடியில் எழுத, 37,600ஐ 4,800 நொடிகளால் வகுத்தால் 7.8 கிடைக்கும். கோப்பைப் பொதியும் முறைக்கும் வட்டின் விளிம்பில் விடும் இடத்துக்குமாகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 7. ஒலிக்குக் கால் மெகாபிட் ஒதுக்கினால் படத்துக்கு 6.8 மெகாபிட் மிஞ்சும். விடை 5க்குக் கீழே இறங்கினால் படத்தை இரண்டு வட்டுகளாகப் பிரித்துவிடுங்கள். முகூர்த்தம் ஒன்றிலும் வரவேற்பு மற்றொன்றிலும் இருப்பதில் யாருக்கும் குறையில்லை.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச என்கோடிங் மென்பொருளில் எச்.264 என்ற சுருக்க முறையின் என்கோடரைத் தேர்ந்து, சராசரி பிட்ரேட் இடத்தில் இந்த எண்ணைக் கொடுத்து, இருமுறை ஓடும் என்கோடிங்கைச் செயல்படுத்த வேண்டும். அது ஏன் என்பதைத் தாலி கட்டும் காட்சியிலேயே காணலாம். கெட்டிமேளம் முழங்கியதும் நாற்புறமிருந்தும் அட்சதை பறக்கிறது. முந்தைய ஃபிரேமில் இருந்த எதுவும் அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் இல்லை. ஹோமப் புகை மெல்ல அசைகிறது, பட்டுச் சரிகை ஒவ்வொரு அசைவிலும் மின்னுகிறது, போதாக்குறைக்கு ஃபிளாஷ் விளக்குகள் படத்தையே வெளுக்கச் செய்கின்றன. ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறியதை மட்டும் பதிந்து இடத்தை மிச்சப்படுத்துவதே எச்.264இன் அடிப்படை, எல்லாமே மாறும்போது அதற்கு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, ஆகவே பிட் போதாமல் மணமகள் முகமே கட்டம் கட்டமாகச் சிதறும். இருமுறை ஓடும்போது, முதல் ஓட்டத்தில் இத்தகைய இடங்களைக் கண்டுகொண்டு, ஐயர் அசையாமல் அமர்ந்து மந்திரம் சொல்லும் நிமிடங்களில் மிச்சம் பிடித்த பிட்டுகளை இரண்டாம் ஓட்டத்தில் இங்கே கொண்டுவந்து செலவிடும். முழுப் படத்தையும் இரவெல்லாம் ஓடவிடும் முன் தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் ஒரே ஓட்டத்தில், அதே சராசரி பிட்ரேட்டில் சோதித்துப் பாருங்கள். அது தேறினால் மீதியும் தேறும்.

அளவிலும் ஃபிரேம் வேகத்திலும் கவனம் தேவை. இந்தியாவில் விற்ற கேம்கார்டர்கள் பெரும்பாலும் 1080i, அதாவது 1080 வரிப் படத்தை நொடிக்கு 50 அரை ஃபிரேம் என்ற முறையில் பதிபவை. குறைந்த பிட்ரேட்டில் இதை அப்படியே வைத்துப் போராடுவதைவிட, அரை ஃபிரேம்களை முழு ஃபிரேம்களாக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' முறையைத் தேர்ந்து 1280க்கு 720 அளவில் நொடிக்கு 50 முழு ஃபிரேம்களாக மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். அசைவின் வழவழப்புக் கெடாது. ப்ளூ-ரேயும் ஏவிசிஎச்டியும் ஏற்கும் அளவும் இதுவே. 2011இல் ஏவிசிஎச்டியில் சேர்ந்த 1080 அளவு 50 முழு ஃபிரேம் முறை ப்ளூ-ரே வட்டின் விதிகளில் இல்லாததால், அப்படி எடுத்ததையும் 720க்கு இறக்குவதே பாதுகாப்பு. கைப்பேசியில் எடுத்ததற்கு வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு: ஃபிரேம் வேகம் நிலையாக இராது, புதிய கைப்பேசிகள் பயன்படுத்தும் எச்.265 சுருக்க முறையை ப்ளூ-ரே விதிகள் ஏற்பதில்லை. அதை 720 அளவில், 59.94 என்ற நிலையான ஃபிரேம் வேகத்தில் எச்.264ஆக மாற்ற வேண்டும். 30 ஃபிரேம் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை வரும்; இரட்டித்த ஃபிரேமுக்கு ஆகும் பிட் மிகச் சொற்பம்.

எச்.264இன் லெவல் 4.1, கீஃபிரேம் (முழுதாகப் பதியப்படும் ஃபிரேம்) இடைவெளி ஒரு நொடி, ஸ்லைஸ் (ஒரு ஃபிரேமைப் பிரிக்கும் துண்டு) நான்கு, டிவிடி என்றால் உச்ச பிட்ரேட் 15 மெகாபிட் ஆகியவற்றையும் கூடுதல் அமைப்புப் பெட்டியில் 'ப்ளூ-ரே இணக்கம்' என்பதோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். இவற்றை விட்டாலும் கணினியில் படம் ஓடும். பிளேயர்தான் முகம் சுளிக்கும். ஒலி டால்பி டிஜிட்டலாக, அதாவது ஏசி3ஆக இருக்கட்டும்.

கிடைத்த கோப்பை டிஎஸ்மக்ஸரில் சேர்த்து, டிவிடிக்கு 'ஏவிசிஎச்டி வட்டு' என்றும் ப்ளூ-ரேக்கு 'ப்ளூ-ரே வட்டு' என்றும் தேர்ந்தால், பிடிஎம்வி, சர்டிஃபிகேட் என்ற இரு கோப்புறைகள் உருவாகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அத்தியாயக் குறி இடும் வசதியும் அங்கேயே உண்டு; மாங்கல்யதாரணத்துக்கு நேராகப் போக விரும்பும் பாட்டிக்காக அந்த நொடியில் தனியே ஒரு குறி இட்டு வையுங்கள். இரு கோப்புறைகளையும் வட்டில் எழுதும் மென்பொருளான இம்ஜ்பர்னில் போட்டு, கோப்பு முறை யுடிஎஃப் 2.50 என்பதை உறுதிசெய்துகொண்டு எழுத வேண்டும்.

எழுதும் வேகம் வட்டில் அச்சிட்ட உச்ச வேகத்தில் பாதி இருந்தால் போதும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வசதியை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஒற்றை அடுக்கு வட்டு உட்புறத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுவதால், பிழைகள் பெரும்பாலும் படத்தின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டும். ப்ளூ-ரே வட்டு வாங்கும்போது எல்டிஎச் என்ற குறியுள்ளதைத் தவிர்க்க வேண்டும். அது கரிமச் சாயத்தில் பதிவது, வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. பதிவு ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது என்பதையும், கேமராவின் மூலக் கோப்புகளை வட்டை நம்பி அழிக்காமல் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பழைய டிவிடி பிளேயர் மட்டுமே உள்ள உறவினருக்கு, 720க்கு 576 அளவில் டிவிடிக்குரிய எம்பெக்-2 முறைப் படமாக டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள் கொண்டு தனி வட்டு போட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. ஒரு மணி நேரப் படம் ஒற்றை அடுக்கில் நல்ல தரத்தில் அடங்கும்.

பிரதிகள் போடும் முன், முதல் வட்டை (ஒற்றை அடுக்கு டிவிடியானால் அழித்தெழுதும் டிவிடி-ஆர்டபிள்யூவில்) எழுதி, அதைக் கணினியில் பார்ப்பதோடு நில்லாமல், உண்மையில் ஓடப்போகும் பிளேயரிலேயே போட்டுத் தொடக்கம், தாலி கட்டும் இடம், கடைசி ஐந்து நிமிடம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகே மற்ற வட்டுகளை எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டாமல், நடுவளையத்தில் நீர் மையுள்ள மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதிப் பெட்டியில் செங்குத்தாக அடுக்குங்கள்.