மதியம் மட்டும் அடித்த அலாரம்

சேலத்துக்கு வெளியே, சேர்வராயன் மலை தெரியும் தூரத்தில் எங்கள் துணை மின் நிலையம். சித்திரை வெயிலில் ஒரு 110 கேவி பிரேக்கரில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) மதியம் மட்டும், உள்ளே மின்பொறியை அணைக்கும் எஸ்எஃப்6 வாயு குறைவு என்று அலாரம் வரும். சாயங்காலம் தானாகவே போய்விடும். வாயுவின் அடர்த்தியைக் காட்டும் டென்சிட்டி மானிட்டர் மேல் வெயில் நேராக விழுந்ததுதான் காரணம். உள்ளே வாயு அந்த அளவு சூடாகாமல் மானிட்டர் மட்டும் சூடானதால், வெப்பத்துக்கு ஏற்ப அது செய்யும் திருத்தம் கூடிப்போய் முள் இறங்கியது. தகரத்தில் நிழல் மறைப்பு போட்டதும் அலாரம் நின்றது.

சரி, முடிந்தது என்று விட மனம் வரவில்லை. தினமும் காலை 6 மணிக்கு, வெயில் ஏறுமுன் ரீடிங் குறித்தேன். மூன்று வாரத்தில் 6.0 பார் 5.9 ஆகியிருந்தது. கசிவு நிஜம்தான்.

சோப்பு நுரை தடவினோம், குமிழி வரவில்லை. அப்புறம் லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, எர்த் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் பாலித்தீன் தாளால் சுற்றி டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டோம். இந்த வாயு காற்றைவிடச் சுமார் 5 மடங்கு கனம். அதனால் பையின் அடியில் சிறு துளையிட்டு டிடெக்டர் முனையை நுழைத்தேன். மூன்றாவது பையில், கேஸ் நிரப்பும் வால்வு அருகே, பீப் அடித்தது.

வாயுவை வெளியே விடாமல் கேஸ் கார்ட் என்ற சேகரிப்பு வண்டியில் உறிஞ்சி எடுத்தோம். 100 ஆண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைவிட 23,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும். கசிவை அடைக்காமல் டாப்-அப் செய்தே ஓட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. பார்த்தால் அங்கே இருந்த ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கல் மாதிரி இறுகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. புதிது போட்டு, வேக்குவம் இழுத்து, நிரப்பினோம். காலை ரீடிங்கை இன்னும் நிறுத்தவில்லை, முள் 6.0-இல் நிற்கிறது.