சுவரில் முதல் ஓட்டை: வீட்டு வேலைக்கு மெஷின் வாங்குவதும் பிடிப்பதும்

வீட்டில் ஒரு அலமாரி மாட்ட வேண்டும். நாலு ஓட்டை போதும். அதற்கு ஆள் கூப்பிட்டால் ‘நாளைக்கு வர்றேன் சார்’ என்பார். அந்த நாளை வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு ஓட்டைக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து போனால் அவருக்கு என்ன மிஞ்சும்? இந்த மாதிரிச் சின்ன வேலைகளை நாமே செய்துகொள்ளலாம். இதுவரை ஓட்டை போடும் டிரில் மெஷினைக் கையில் எடுக்காதவர்களை மனதில் வைத்து, முதலிலிருந்தே சொல்கிறேன்.

மெஷினுக்கு முன்னால் சுவர்

கடையில் ‘எத்தனை வாட்ஸ் வேணும்?’ என்று கேட்பார்கள். அதற்கு முன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘என் வீட்டுச் சுவர் எதால் கட்டியது?’ என்பதுதான். யூடியூபில் வரும் வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் மரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்தான் இருக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன டிரில் அதற்குள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். அதைப் பார்த்து அதே மெஷினை வாங்கிவந்து நம் ஊர்ச் சுவரில் வைத்தால் பத்து நிமிஷம் அழுத்தியும் பூச்சுதான் உதிரும்.

நம்மிடம் இருப்பது பெரும்பாலும் செங்கல் சுவர். வெளிச்சுவர் 9 அங்குலம், உள்ளே தடுப்புச் சுவர் 4½ அங்குலம், அதன் மேல் 12 மில்லிமீட்டர் அளவுக்கு சிமென்ட் பூச்சு. தூண், பீம், ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் எல்லாம் கான்கிரீட். புதுக் கட்டடங்களில் வெள்ளையாக, எடை குறைவாக இருக்கும் ஏஏசி பிளாக் வருகிறது. சில அடுக்குமாடிகளில் சுவர் முழுக்கவே கான்கிரீட். உங்கள் வீட்டில் எது என்று கட்டிய கொத்தனாரையோ அசோசியேஷனையோ கேட்டால் ஒரு வரியில் தெரிந்துவிடும்.

செங்கல் சுவர் என்றால் 13 மில்லிமீட்டர் தடிமன் வரை பிட் (சுவரைக் குடையும் கம்பி) மாட்டக்கூடிய இம்பாக்ட் டிரில், அதாவது சுத்தியல் போலத் தட்டிக்கொண்டே சுற்றும் டிரில், போதும். 550 முதல் 650 வாட்ஸ் வரை இருந்தால் வீட்டுக்குத் தாராளம். வாட்ஸைவிட முக்கியமாக நாலு விஷயம் பாருங்கள்: விசையை லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் சுற்ற வேண்டும், பக்கவாட்டுக் கைப்பிடி வேண்டும், சுத்தியல் அடியை நிறுத்திவைக்க ஒரு சுவிட்ச் வேண்டும்.

கான்கிரீட்டில் அடிக்கடி வேலை இருக்கிறது என்றால் ரோட்டரி ஹேமர் வாங்குங்கள். இரண்டும் தட்டிக்கொண்டே சுற்றுபவைதான், ஆனால் தட்டும் விதம் வேறு. இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசி ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்கு 40,000 தடவைக்கு மேல் தட்டும், ஆனால் ஒவ்வொரு தட்டும் சின்னது, நாம்தான் அழுத்திக் கொடுக்க வேண்டும். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி உள்ளே ஒரு சம்மட்டியை அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஒவ்வொன்றும் பலமான அடி. அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்துக்கொண்டாலே இறங்கும். இதற்கு ‘எஸ்டிஎஸ் பிளஸ்’ என்ற காடி வைத்த பிட் தனியாக வாங்க வேண்டும். ஏஏசி பிளாக்குக்கு சுத்தியல் அடியே கூடாது. சாதாரணச் சுற்றில் போட்டால்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் பொடிந்து பள்ளமாகிவிடும்.

பேட்டரி டிரில் வேண்டவே வேண்டாமா? கட்டில் கழற்ற, அலமாரிக் கதவு மாட்ட, ஸ்க்ரூ முடுக்க அதுதான் சுகம். ஆனால் அதை இரண்டாவது மெஷினாக வாங்குங்கள்.

பிட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

மெஷினுக்குப் பணம் கொடுத்துவிட்டு பிட்டை மலிவாக வாங்குவது பலரும் செய்யும் தப்பு. சுவரைக் குடைவது மெஷின் இல்லை, பிட்டின் நுனி. சுவருக்கு வாங்கும் மேசன்ரி பிட்டின் நுனியில் கார்பைடு துண்டு ஒன்று குறுக்கே பதித்திருக்கும், தண்டைவிட சற்றே அகலமாக. இரும்புக்கு எச்எஸ்எஸ் பிட். மரத்துக்கு நடுவில் ஊசி போல முனை நீண்டது. டைல்ஸுக்கு வேல் நுனி போல இருப்பது. தொடங்க மேசன்ரியில் 6, 8, 10 மில்லிமீட்டர் மூன்றும், மரத்துக்கு 3 மில்லிமீட்டரில் ஒன்றும் இருந்தால் போதும். இரும்பு பிட்டையோ மர பிட்டையோ மாட்டிக்கொண்டு சுத்தியல் சுவிட்சைப் போடாதீர்கள், ஒரே ஓட்டையில் முனை மழுங்கிவிடும்.

கரண்ட்

600 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். மெஷினில் இரண்டு பின் பிளக்தான் இருக்கிறதே, எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு செய்த மெஷின், எர்த் தேவையில்லை. ஆனால் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், டிரில்லிங் அடுத்த வாரம்.

முதல் ஓட்டை

முதலில், எங்கே போடக்கூடாது என்று பார்ப்போம். அக்கா வீட்டில் கடிகாரம் மாட்ட ஓட்டை போட்டேன், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, தலைக்கு ஓரடி உயரத்தில். இடம் பார்வைக்கு அழகாக இருந்தது, அவ்வளவுதான் யோசித்தேன். சுவருக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம், எம்சிபி விழுந்து வீடு இருட்டானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பூச்சை உடைத்து, குழாயை வெட்டி, ஒயரை மாற்றி, மறுபடி பூசி, பெயின்ட் அடிக்க நாலு நாள் ஆனது. சுவருக்குள் போகும் ஒயர் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலாகவோ கீழாகவோதான் போகும். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் அப்படியே: டேப்புக்கு நேர் மேலே, நேர் கீழே, பாத்ரூம் சுவரின் மறுபக்கம், இந்த மூன்று இடத்திலும் கை வைக்காதீர்கள்.

சரி, இடம் பார்த்தாயிற்று. ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஓட்டை வரும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். வட்டம் போட்டால் நடு எது என்று பிட்டுக்குத் தெரியாது.

அடுத்து ஆழம். இங்கே கொஞ்சம் கணக்கு. சுவரில் முதல் 12 மில்லிமீட்டர் பூச்சு, அது எடை தாங்காது. 25 மில்லிமீட்டர் ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் சொருகும் பிளாஸ்டிக் குழல்) வைத்தால் அதில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும், மீதிப் பாதிதான் செங்கலைப் பிடிக்கும். கடிகாரத்துக்கு அது போதும். புத்தகம் அடுக்கும் அலமாரிக்குப் போதாது. அதற்கு 8 மில்லிமீட்டர் பிளக், 50 மில்லிமீட்டர் நீளம் எடுங்கள். ஓட்டை பிளக்கைவிட 10 மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் வேண்டும், உள்ளே தங்கும் தூசிக்கு இடம். பிட்டின் நுனியிலிருந்து 60 மில்லிமீட்டர் அளந்து அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். டேப் சுவரைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

பிட்டை சக்கில் (மெஷினின் முன்னால் பிட்டைக் கவ்வும் வாய்) மாட்டும்போது கரண்ட் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். சக்கின் மூன்று துளையிலும் சாவியைப் போட்டு முடுக்குங்கள், ஒன்றில் மட்டும் முடுக்கினால் பிட் நடுவில் வழுக்கும். முடுக்கியதும் சாவியை எடுத்துவிடுங்கள். அப்புறம் உடை. துப்பட்டா, முந்தானை, தொளதொள சட்டைக் கை, அவிழ்த்த முடி எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது. டிரில் பிடிக்கும்போது கையுறையும் வேண்டாம். நூல் ஒன்று பிட்டில் மாட்டினால் கையையே சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். மூக்குக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும், அதன் மேலேயே போடக்கூடிய பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது.

குறிக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள், தூசி அதில் விழும். முழங்கையை உடம்போடு ஒட்டி, ஒரு கை பிடியிலும் மறுகை பக்கவாட்டுக் கைப்பிடியிலுமாக நில்லுங்கள். சுத்தியல் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். விசையை லேசாக அழுத்தி, மெதுவான சுற்றில் பெருக்கல் குறியின் நடுவில் சின்னக் குழி விழும்வரை விடுங்கள். குழி விழுந்தால் பிட் இனி நகராது. இப்போது சுத்தியலைப் போட்டு முழு வேகத்தில், கதவைத் தள்ளும் அளவு பலத்தில் அழுத்துங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை பிட்டை வெளியே இழுத்து தூசியை விடுங்கள்.

அந்தத் தூசியைப் பாருங்கள். எந்தக் கருவியும் சொல்லாததை அது சொல்லும். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு. அப்புறம் சிவப்பு வந்தால் செங்கல், நல்ல இடம், தொடருங்கள். சிவப்பே வராமல் சாம்பலாகவே பொடி வந்து பிட்டும் தடக்கென்று உள்ளே போனால், இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள சாந்தில் இறங்கியிருக்கிறீர்கள். அங்கே பிடி குறைவு, ஓரிரு அங்குலம் தள்ளிப் போடுவது நல்லது. சாம்பல் பொடி கொஞ்சமாக வந்து பிட் நகரவே மாட்டேன் என்றால் கான்கிரீட். அதிலேயே ‘கிரீச்’ என்று இரும்புச் சத்தம் கேட்டால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். நிறுத்தி, வேறு இடம் பாருங்கள். பலம் கொடுத்துப் பயனில்லை.

ஓட்டை முடிந்ததும் வாயால் ஊதாதீர்கள், தூசி நேராகக் கண்ணுக்கு வரும். சைக்கிள் பம்பு இருந்தால் இரண்டு அடி அடியுங்கள். பிளக் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே போக வேண்டும். விரலாலேயே போய்விட்டால் ஓட்டை பெரிது. நம் வீடுகளில் உடனே தீக்குச்சியைச் சொருகுவோம். அது ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். 10 மில்லிமீட்டர் பிட்டால் ஓட்டையைப் பெரிதாக்கி 10 மில்லிமீட்டர் பிளக் வையுங்கள்.

டைல்ஸ் மேல்

குறியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் நுனி வழுக்காது. வேல் நுனி பிட், மெதுவான சுற்று, அவ்வப்போது இரண்டு சொட்டுத் தண்ணீர், அது மெஷினில் படாமல். டைல்ஸ் கடக்கும்வரை சுத்தியல் போடக்கூடாது. கடந்த பின் மேசன்ரி பிட்டுக்கு மாறலாம். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ் இதற்கு மசியாது, டைமண்ட் பிட் வேண்டும்.

கிரைண்டர்

டிரில் பழகிய பின் எல்லோருக்கும் அடுத்த ஆசை 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், வட்டமான டிஸ்க்கைச் சுழற்றி வெட்டவும் தேய்க்கவும் செய்யும் மெஷின். இரும்புக் கம்பி வெட்ட, துரு நீக்க, டைல்ஸ் ஓரம் வெட்ட, எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் இதைத் தனியே எச்சரித்துச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 11,000 சுற்று. 100 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும்.

அதனால் டிஸ்க்கைப் பாதி மூடியிருக்கும் பாதுகாப்பு மூடியை, அதாவது கார்டை, கழற்றாதீர்கள். வேலையிடங்களில் பாதிப் பேர் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள், 5 அங்குல டிஸ்க் மாட்டுவதற்காகவே கழற்றுபவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். டிஸ்க்கில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், 100 மில்லிமீட்டர் டிஸ்க்கில் பொதுவாக 15,300 என்று இருக்கும். பல டிஸ்க்குகளின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும், அதையும் பாருங்கள். மாட்டியதும் உங்களை நோக்காமல் திருப்பிப் பிடித்து அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். மெல்லிய கட்டிங் டிஸ்க்கின் பக்கத்தை வைத்துத் தேய்க்கக்கூடாது.

முக்கியமாக, மரம் வெட்டும் பல் வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். கடையில் விற்கிறார்கள், மாட்டவும் முடிகிறது. ஆனால் பல் மரத்தில் மாட்டினால் மெஷின் துள்ளித் திரும்பும், அது திரும்பும் திசையில் இருப்பது உங்கள் கையோ தொடையோதான். இதை உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மரத்துக்கு ஜிக்சா இருக்கிறது, சின்ன பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மெஷின். பிளைவுட் வெட்ட, சிங்க் வைக்கப் பலகையில் வளைவாகத் துளை போட, புதியவர்களுக்கு அதுதான் பாந்தம். அதன் பிளேடு மேல்நோக்கி ஏறும்போதுதான் வெட்டும், அதனால் சில்லு பெயர்வது மேல் பக்கத்தில். மைக்கா ஒட்டிய அழகான பக்கத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு வெட்டுங்கள். பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்ட வேண்டாம், இரண்டு சி கிளாம்ப் வாங்கி மேசையோடு இறுக்குங்கள்.

சுவரை உடைக்கும் பிரேக்கரை வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் எந்தச் சுவரை எடுக்கலாம் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

தூசி

செங்கல், கான்கிரீட், டைல்ஸ் மூன்றின் தூசியிலும் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிவிடும். கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள், கூடப் பிடிக்கும் ஆளுக்கும் ஒன்று கொடுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கிரைண்டரால் வெட்டுவதையோ அதில் ஓட்டை போடுவதையோ தொடவே வேண்டாம். அந்த நார் நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது.

மெஷினைப் பார்த்துக்கொள்வது

மாதம் ஒரு தடவை காற்றுத் துளைகளை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஓடும்போது அந்தத் துளை வழியாகச் சின்னச் சின்ன நீலப் பொறி தெரிவது சகஜம். பொறி பெரிதாகி, மெஷின் விட்டு விட்டு ஓடினால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும். உடனே மோட்டார் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பல மெஷின்களில் பக்கவாட்டில் இரண்டு மூடிகள் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவற்றைத் திருகினால் பிரஷ் ஸ்பிரிங்கோடு வெளியே வரும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழசைப் பையில் போட்டு எடுத்துப்போங்கள், ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.