வெளிநாட்டில் நம் ஊர் ஃபோன்: எங்கே சறுக்குகிறோம்?

அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக விமானம் ஏறினார்கள். அப்பா கையில் பட்டன் ஃபோன், பத்து வருடமாக அதுதான். ரீசார்ஜ் செய்து, ரோமிங்கும் போட்டுக் கொடுத்து, "சாங்கியில் இறங்கியதும் ஒரு கால் பண்ணுங்க" என்று அனுப்பிவைத்தேன். கால் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அக்காதான் கூப்பிட்டாள். "அப்பா ஃபோன்ல டவரே இல்லடா."

ஃபோனிலும் கோளாறு இல்லை, சிம்மிலும் இல்லை. சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். 2024-ல் 3ஜியும் போயிற்று. நம் ஊரில் ஜம்மென்று ஓடும் 2ஜி ஃபோன் அங்கே வெறும் டார்ச் லைட். ஆஸ்திரேலியாவிலும் 3ஜியை 2024 அக்டோபர் இறுதியில் மூடினார்கள். அங்கே 4ஜி ஃபோன்களில்கூடச் சில மாட்டிக்கொள்ளும். அவசர எண்ணான 000-க்கு 4ஜி வழியாக அழைக்க முடியாத ஃபோன் என்றால், உள்ளூர் சிம் போட்டாலும் இணைப்பு தரமாட்டார்கள். ஆக, பெற்றோரை அனுப்புகிறவர்கள் சிம்மைப் பற்றிக் கவலைப்படும் முன் ஃபோன் எந்தக் காலத்தது என்று பாருங்கள்.

அடுத்த தவறை ஏறக்குறைய எல்லோரும் செய்கிறோம். விமான நிலையத்தில் புது சிம் வாங்கியதும் பழைய சிம்மைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, பர்ஸில் வைப்பது. இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் ரயில் டிக்கெட்டோ ஹோட்டலோ புக் செய்யக் கார்டு எண்ணைப் போட்டால், ஓடிபி அந்த டிஷ்யூ பேப்பருக்குப் போகும். யூபிஐ செயலிகளும் பதிவான சிம் ஃபோனில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி பதிவு செய்யச் சொல்லும், அதற்கு அதே எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும்.

இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டு, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்கு நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை, அதனால் ஓடிபி வந்து சேரும். ஆனால் அழைப்பு அப்படியல்ல. எடுத்தால் காசு. "சார், பெர்சனல் லோன் வேணுமா?" என்று கேட்பவருக்கும் நிமிடக் கணக்கில் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ப்ரீபெய்டு என்றால் பிளான் எந்தத் தேதி வரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்தின் நடுவில் வேலிடிட்டி முடிந்தால் ஓடிபிக்கும் வழி இருக்காது.

சரி, இணையத்துக்கு? இப்போது பலரும் இ-சிம் வாங்குகிறார்கள், அதாவது கையில் பிடிக்கிற அட்டை இல்லாமல் இணையம் வழியாக ஃபோனுக்குள் ஏற்றும் சிம். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. "ரோமிங்கை ஆன் பண்ணினா சொத்தே போயிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நாமும் எல்லா சிம்முக்கும் ரோமிங்கை அணைத்து வைத்திருப்போம். அப்புறம் இ-சிம்மில் டவர் இருக்கும், நெட் வராது. பயணிகளுக்கு விற்கும் இ-சிம் பலவும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் இணைப்புதான். அதனால் இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு ஆஃப். இரண்டும் தனித்தனி சுவிட்ச்.

அதற்கும் கீழே இன்னொரு சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. ஒரு சிம்மில் டேட்டா பலவீனமானால் ஃபோன் தானாகவே மறு சிம்முக்குத் தாவும் வசதி அது. ஐஃபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் 'டேட்டா ஸ்விட்சிங்' என்று இருக்கும். புதிய ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஊரில் நல்ல வசதி. வெளிநாட்டிலோ, சுரங்க ரயிலில் இ-சிம் தடுமாறும் நேரத்தில், இந்திய சிம்மில் ரோமிங் மூடப்படாமல் இருந்தால், பின்னணியில் ஓடும் ஃபோட்டோ பேக்கப் அந்த வழியே போய்விடும். காலை ஐந்து மணி கோயில் தரிசன வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போடும் மாமா வேறு இருக்கிறார். ரோமிங் பில்லில் நாம் பேசியதைவிட ஃபோன் தானாகப் பேசியதே அதிகம். பேக்கப், ஆட்டோ அப்டேட், வாட்ஸ்அப்பின் தானியங்கி டவுன்லோடு மூன்றையும் வைஃபைக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

ஐஃபோன்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. சிம்மை மாற்றும்போது ஐமெசேஜ் தன்னை மறுபடி பதிவு செய்துகொள்ள, உங்களுக்குத் தெரியாமல் ஒரு சர்வதேச எஸ்எம்எஸ் அனுப்பும். தேவையில்லாதவர்கள் பயண நாட்களில் அதை அணைத்து வைக்கலாம்.

இ-சிம்மை ஊரிலேயே, வீட்டு வைஃபையில் ஏற்றிவிடுங்கள். அதை ஏற்றவே இணையம் வேண்டும், இறங்கிய இடத்தில் இணையத்துக்காகத்தான் அதைத் தேடுவோம். இ-சிம்மை ஏற்ற பெரும்பாலும் ஒரு க்யூஆர் கோடு அனுப்புவார்கள். அது உங்கள் ஃபோன் திரையிலேயே இருந்தால் அதே ஃபோனின் கேமராவால் எப்படிப் படம் பிடிப்பது? ஒரு தாளில் அச்செடுத்துக் கொள்ளுங்கள். நெட் வரவில்லை என்ற எரிச்சலில் இ-சிம்மை அழித்துவிடாதீர்கள். அந்த க்யூஆர் கோடு பலவும் ஒரு முறைக்குத்தான் வேலை செய்யும். கிராப் மாதிரி டாக்சி செயலிகளையும் கிளம்பும் முன்பே நம் எண்ணில் பதிவு செய்துவிட வேண்டும். டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் ஓடிபி வாங்க எண்ணே இருக்காது.

வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றவே வேண்டாம். புது சிம்மின் டேட்டாவில் பழைய எண்ணே நன்றாக ஓடும். பத்து நாள் பயணத்துக்கு எண்ணை மாற்றி, எல்லாக் குரூப்பிலும் "எண் மாறியது" என்று வந்து, ஒவ்வொருவராக விசாரித்து... எனக்குத் தெரிந்த ஒருவர் இதைச் செய்துவிட்டு, ஊர் திரும்பியதும் மறுபடி மாற்றினார். இரண்டு முறையும் வாழ்த்து வந்ததாம்.

நாட்டுக்கு நாடு வேறு சிக்கல். துபாய் உள்ளிட்ட அமீரக ஊர்களில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் அழைப்பு போகாது. அங்கே இருப்பவர்கள் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் பேசுகிறார்கள். விபிஎன் (நாம் எங்கிருந்து இணைகிறோம் என்பதை மறைக்கும் செயலி) போட்டுத் தாண்டிக் குதிக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். குற்றம் என்று கருதப்படும் காரியத்துக்கு விபிஎன் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் ஆரம்பிக்கிறது.

சீனாவில் கதை தலைகீழ். கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாம் உள்ளூர் இணைப்பில் முடக்கம். ஆனால் ரோமிங் டேட்டா பொதுவாக நம் ஊர் நிறுவனத்தின் கணினிகள் வரை சுற்றி வந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. அதனால் ரோமிங்கில் அவை வேலை செய்யும். மலிவாக இருக்கிறதே என்று ஷாங்காயில் உள்ளூர் சிம் வாங்கினால் மேப்பும் இல்லை, மெயிலும் இல்லை.

ஐரோப்பா டூர் போகிறவர்கள் ஒரே ரோமிங் பேக் எல்லா நாட்டுக்கும் ஓடும் என்று நம்பிவிடுகிறார்கள். 2017 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம் இன்னொரு நாட்டில் கூடுதல் கட்டணமின்றி ஓடுவது உண்மைதான். ஆனால் நம் ஆட்கள் பாரிஸுக்கும் ரோமுக்கும் நடுவில் தவறாமல் போய்ப் படமெடுக்கும் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டனும் இப்போது இல்லை. பேக்கின் பெயரில் 'ஐரோப்பா' இருந்தால் போதாது, நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்லை ஓரத்தில் டவருக்கு எந்த நாட்டில் நிற்கிறோம் என்பது தெரியாது. தனுஷ்கோடி முனைக்குப் போனவர்களில் சிலருக்கு இலங்கை நெட்வொர்க் பிடித்திருக்கும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் மலேசியாவின் ஜொகூர் டவர் பிடிப்பதும் அதே கதை. சிங்கப்பூருக்கு மட்டும் பேக் போட்டிருப்பவர்கள் அந்தப் பகுதியில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். திரும்பி வந்ததும் அதை 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்ற மறக்காதீர்கள். சென்னையில் இறங்கி டவரே இல்லை என்று சிம் கடைக்கு ஓடியவன் நான்.

கப்பலும் விமானமும் இதைவிட மோசம். சில விமானங்களிலும் பெரும்பாலான சொகுசுக் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழி மொபைல் நெட்வொர்க் உண்டு. சாதாரண நாட்டு பேக் அங்கே செல்லாது, கட்டணம் தனி. விமானம் கிளம்பும்போது ஃபிளைட் மோடு போடச் சொல்கிறார்கள், நாமும் போடுகிறோம். கப்பலில் யாரும் சொல்வதில்லை. கரையை விட்டதும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அக்கா ஒரு 4ஜி ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். டவர் வந்தது, ஆனால் ஊருக்குக் கால் போகவில்லை. முன்னால் +91 இல்லாமல் எல்லா எண்ணையும் வெறும் பத்து இலக்கமாகச் சேமித்திருந்தார். பேத்தி தூங்கும் நேரமாகப் பார்த்து, சோபாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகத் திருத்த ஆரம்பித்தார். 'க' வரிசை முடிந்ததும் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் வரும் சொந்தக்காரர்களை எல்லாம் ஊருக்கு வந்துதான் கூப்பிட்டார்.